பாட்டிலுக்கு ஒரு தொப்பி

ஜங்புரா மெட்ரோவில் என் பை
பெட்டிக்குள் போய்
மறுபக்கம் வர மறுத்தது.
திரையில் டிபன் டப்பா நீலம்,
உள்ளே எலுமிச்சைச் சோறு ஆரஞ்சு,
குறுக்கே இரண்டு கம்பிகள்.
பதினொரு நாள் பின்னிய கம்பளி மட்டும்
புகை மாதிரி.
இருக்கிறதா என்றால் இருக்கிறது.

"என்ன இது?" சீருடைக்காரி இந்தியில் கேட்டாள்.
மார்பில் பெயர், சரோஜ் மலிக்.
எனக்குத் தெரிந்த இந்தியில்
கம்பளிக்குச் சொல் இருந்தது.
யாருக்கு என்பதற்கும் இருந்தது,
வாயில் வரவில்லை.
"பாட்டிலுக்கு" என்றேன்.

அம்மாவிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.
பிள்ளை பிறக்குமுன்னே சட்டை தைக்கிறவள்...
சங்கரன்கோவிலிலிருந்து அந்த வாக்கியத்தை
அவள் முடித்ததேயில்லை.
மீதியை நானும்
சிக்னல் இல்லாதவள் மாதிரி விட்டுவிடுவேன்.

லாஜ்பத் நகர் கடைக்காரர்
ஒரு கையில் பிங்க், ஒரு கையில் ப்ளூ,
தராசு போல் நின்றார்.
கேட்பதும் குற்றம் சொல்வதும் குற்றம் என்று
ஸ்கேன் சென்டர் சுவரில் எழுதியிருப்பது
இவருக்கு எட்டவில்லை போல.
கத்திரிக்காய் நிறம் கொடுங்கள் என்றேன்.
கத்திரிக்காயில் எது என்றார், நியாயமாக.
ஊதாவில் ஒன்று வாங்கினேன்,
காம்புக்குப் பச்சையில் ஒன்று.

யாரும் சொல்லித் தரவில்லை.
போன் வீடியோவின் வேகத்தைப் பாதியாக்கி,
பிறகு அதிலும் பாதியாக்கி,
ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிற விரல்களுக்கு
எண்ணத் தெரியும் என்ற தைரியம்.
ஐம்பத்து நாலு கண்ணி.
வயலட் லைனில் உட்கார இடம் தருகிறார்கள் இப்போது.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது,
அடுத்த நிலையம் கான் மார்க்கெட்,
கதவுகள் இடப்பக்கம் திறக்கும்.
போச்சு.
உள்ளிருந்து ஒரு உதை.
முதலிலிருந்து எண்ணு என்கிறதா,
சரியாய்த்தான் இருந்தது என்கிறதா.

அது இன்னொரு திரை.
அங்கே எலும்புதான் வெள்ளை.
முதுகுத்தண்டு, யாரோ அவசரமில்லாமல் போட்ட
ஒரு வரிசை.
தலைச் சுற்றளவு இருபத்தேழு சென்டிமீட்டர் என்றார் டாக்டர்,
பிறக்கும்போது முப்பத்து நாலு ஆகலாம்.
ரசீதின் பின்னால் குறித்துக்கொண்டேன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

முகுந்தனின் முழங்கால் முப்பத்தைந்து.
இரவில் பின்னலை அதில் சுற்றிப் பார்க்கிறோம்.
சொறிய வேண்டும் போலிருந்தாலும்
காலை ஆட்டாமல் வைத்திருக்கிறான்,
தூங்குகிற எதையோ எழுப்பிவிடக் கூடாதென்று.

சரோஜ் மலிக் கம்பியை
விரலிடுக்கில் உருட்டினாள்.
"அஞ்சாம் நம்பர்?"
தலையாட்டினேன்.
பின்னால் பைகள் முட்டிக்கொண்டு நின்றன.
ஒருத்தி ஆபீசுக்கு நேரமாகிறது என்றாள் யாரிடமோ.
பின்னலை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து
நகத்தால் ஓரிடம் தொட்டாள்.
ஏழு வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி கழன்று
ஏணி போல இறங்கியிருந்தது. நான் பார்க்கவேயில்லை.
கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி
ஒவ்வொரு படியாய்
ஏழு படியும் ஏற்றிக் கொண்டுவந்து
கம்பியில் மாட்டினாள்.
என் வயிற்றை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.
"பாட்டிலுக்கு ரொம்பப் பெரிசு" என்றாள்.
"மூங்கில் ஊசி வாங்கிக்கோ.
நாளைக்கு இங்கே வேறு ஆள்."

டிசம்பர் பிறந்துவிட்டது.
அம்மா போனில் அரிசி விலை சொன்னாள்,
பக்கத்து வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டதைச் சொன்னாள்,
சும்மா இருந்தாள். பிறகு,
"அந்த பாட்டிலுக்குக் காது இருக்கா?"
...
"இருந்தா மூடுத மாதிரி போடு.
அங்கன பனி சும்மா விடாதுல்லா."

இரண்டு பக்கமும் பத்துப் பத்து கண்ணி
கூட்டியிருக்கிறேன்.
கடைசி வரிசை மூங்கிலில் திறந்தே இருக்கிறது.
முடிச்சுப் போடாதவரை அது தொப்பியில்லை,
நூல்தான், யார் கேட்டாலும்.
பச்சை உருண்டையின் காகிதப் பட்டையை
இன்னும் பிரிக்கவில்லை.
காம்பு
வந்த பிறகு.